தப்பு வைக்கும் வேலை

நூறு என்று போட்டால் ஒவ்வொரு தடவையும் தப்பு விழும், ஒன்று என்று போட்டால் நூறில் ஒரு தடவை விழும், நடுவில் இருக்கிற எண்கள் எல்லாம் மனச்சாட்சிக்கு விட்டது என்று பூங்கோதை நினைத்தாள். நினைத்த கையோடு, பெரிய தத்துவம் கண்டுபிடித்துவிட்டாய், வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். முன்னால் கறுப்புத் திரை. அதில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கோடு. பக்கத்து மேசையில் ஊசி பம்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டி வைத்திருப்பார்களே, ஊசிக்குழாயைப் படுக்க வைத்து, பின்னாலிருந்து மெல்ல மெல்லத் தள்ளி மருந்தை உள்ளே அனுப்புகிற பெட்டி, அதுதான். இங்கே மருந்துக்குப் பதில் தண்ணீர், கசிந்தால் தெரியட்டும் என்று ரோஸ் எசென்ஸ் கலந்த தண்ணீர். அந்த வாசனையோடேயே மூன்று வாரமாக உட்கார்ந்திருப்பதில், வீட்டுக்குப் போனாலும் துப்பட்டாவில் கல்யாண வீட்டு வாடை அடிக்கிறது என்று புருஷன் கேலி செய்கிறான். அவள் வேலை தப்பு வைப்பது. மாமியாரிடம் ஒருமுறை அப்படியே சொல்லியும் பார்த்தாள். “அதுக்குப் போயி சம்பளந் தர்றாங்களாக்கும், நம்மூட்டுல எல்லாரும் சும்மாவேதான வெக்கறாங்க” என்று சொல்லிவிட்டு அவர் சீரியலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

உண்மையில் அப்படித்தான் அந்த வேலை. மோட்டாரை ஓட்டுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஓடும்போது அது அடிக்கடி கெர்னலிடம், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து பங்கிட்டுக் கொடுக்கிற பெரிய நிரலிடம், நினைவகத்தில் கொஞ்சம் இடம் கொடு என்று கேட்கும். கெர்னல் கொடுத்துவிடும். பெரும்பாலும் கொடுத்துவிடும், அதுதான் வம்பு. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய பிள்ளை மாதிரி, ஒருநாள் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று டிரைவர்காரர்கள் யோசித்தே வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஒருநாள் ஆஸ்பத்திரியில் வரக் கூடாது என்பதற்காக இங்கேயே கெர்னலைப் பொய் சொல்ல வைக்கிறார்கள். இடம் இருக்கும்போதே இல்லை என்று சொல்ல வைப்பது. நூற்றுக்கு எத்தனை தடவை இல்லை என்று சொல்வது, மொத்தம் எத்தனை முறை சொல்வது, யார் கேட்டால் சொல்வது, இதையெல்லாம் எண்ணாகவும் எழுத்தாகவும் எழுதி வைக்கிறவள் பூங்கோதை. பதினொரு வருஷமாக எழுதுகிறாள். அவள் வைத்த தப்பில் விழாத டிரைவர் என்றால் சரவணம்பட்டி வட்டாரத்திலேயே ஒரு மரியாதை உண்டு என்று மேனேஜர் அனந்தகிருஷ்ணன் மேடையில் சொன்னார். சொன்னவர் அடுத்த மாதமே ஒரு வெளியீட்டுக்குத் தேதி நெருங்கியதும், “கோதை, ரொம்ப ஆழமா நோண்டாதீங்க” என்றார். அவரைச் சொல்லி என்ன. இன்றைக்கு அவள் தானே தன்னிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆழமாக நோண்டாதே, வழக்கமாகப் போடுவதைப் போடு, ஒன்று என்று போடு, ஓடவிடு, மதியத்துக்குள் பாஸ் என்று பச்சை விழும், சாப்பிடப் போ.

சாப்பாடு. எல்லாம் அந்தச் சாப்பாட்டால் வந்த வினை. ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைக்காத வழக்கம். சோதனை வாரத்தில் டிரைவர் எழுதினவரும் தப்பு வைக்கிறவரும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. எங்கே பலவீனம் என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் அடித்தால்தான் சோதனை, தெரிந்து அடித்தால் அது பழிவாங்கல், தெரிந்து அடிக்காமல் விட்டால் அது ஏமாற்று, அதனால் தெரிந்துகொள்ளவே கூடாது, பேச்சு வாய் நழுவும் இடம் சாப்பாட்டு மேசை, அதனால் தள்ளி உட்கார். எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். சிகாமணி அண்ணனும் கடைப்பிடிக்கிறவர்தான். இந்த பம்பின் டிரைவர் முழுக்க அவர் எழுதியது. தெய்வசிகாமணி, பொள்ளாச்சிப் பக்கம், நாற்பத்தைந்தைத் தொடப்போகிறவர், ஆபீசிலேயே வேட்டி கட்டிக்கொண்டு வர அனுமதி கேட்டு ஒருமுறை மெயில் போட்டவர். போன வாரம் அவர் மனைவி கனகு அரிசிம்பருப்பு சாதம் கொடுத்துவிட்டிருந்தார், மேலே நெய், ஓரத்தில் கத்தரிக்காய் வதக்கல். டப்பாவைத் திறந்ததும் மணம் அவள் மேசைக்கே வந்துவிட்டது. “வாங்க கோதை, ஒரு வாரம் பட்டினி கிடந்தாப்புல பாக்கறீங்க, போச்சாது வாங்க” என்று அவர் கூப்பிட, இவளும் போய் உட்கார்ந்துவிட்டாள். பாழாய்ப்போன நாக்கு. வாயை அடக்க முடியாதவளுக்கு எதற்கு இந்த வேலை. அரை டப்பா காலியான பிறகு அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். “அந்த ஒரு எடத்துல மட்டும் நான் பாக்கலீங்க கோதை” என்றார். என்ன இடம் என்று அவள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள்.

வேகத்தை மாற்றும்போது, நர்ஸ் பட்டனை அழுத்தி எண்ணைக் கூட்டும்போதோ குறைக்கும்போதோ, டிரைவர் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு கெர்னலிடம் இடம் கேட்கும். கிடைத்தால் எழுதிவிட்டுப் பூட்டைத் திறக்கும். கிடைக்காவிட்டால் பூட்டைத் திறக்காமலேயே திரும்பி வந்துவிடும். அவ்வளவுதான். ஒரு வரி விட்டுப்போனது. ஆனால் பூட்டு திறக்காவிட்டால் மோட்டாருக்கு அடுத்த கட்டளை போகாது, அலாரமும் அதே வழியாகத்தான் வர வேண்டும், அதுவும் வராது. திரையில் மட்டும் கடைசியாக இருந்த எண் அப்படியே பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். “எப்பவாவது லட்சத்துல ஒண்ணு நடக்குமுங்க. அதுகூட நடக்காது” என்றார் சிகாமணி. அப்படியானால் சரிசெய்துவிடுங்களேன் அண்ணா, ஒரு வரிதானே என்று இவள் கேட்டதற்கு அவர் சிரித்தார். சிரித்த மாதிரி இருந்தது. வெளியீட்டுக்காக, இனி யாரும் திருத்தக் கூடாது என்று நிரலையே பூட்டியாயிற்று. திறக்க வேண்டுமென்றால் மேனேஜரிடம் போய் ஏன் என்று சொல்லித் திறக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை திறந்திருக்கிறார். மூன்றாவது முறை திறந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், கொஞ்ச நாள் வேறு ப்ராஜெக்ட் தேடிக்கொள்ளச் சொல்வார்கள், பிறகு ஹெச்ஆரில் இருந்து ஒரு பெண் காபி வாங்கிக் கொடுத்து மிகவும் அன்பாகப் பேசி வெளியே அனுப்பிவிடுவாள். “இந்த வயசுல எவன் கூப்புடுவான் சொல்லுங்க. அடுத்த வெளியீட்டுல சத்தமில்லாமப் போட்டுடறனுங்க” என்றார். பிறகு டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துச் சாப்பிட்டார்.

அதை ஏன் அவளிடம் சொன்னார். இதுதான் ஒரு வாரமாக அவளை அரிக்கிறது. பாரம் தாங்காமல் சொன்னாரா, அங்கே அடிக்காதே என்று கேட்டாரா, இல்லை, தன்னால் திறக்க முடியாததை நீ திறந்துவிடு என்று கேட்டாரா. மூன்றுக்கும் முகம் ஒன்றாகத்தான் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அன்றைக்குப் பிறகு அவள் தள்ளித்தான் உட்கார்கிறாள். அவரும் கூப்பிடவில்லை. ஏசியின் குளிர் கணுக்காலில் ஏறியது. மேசைக்கடியில் செருப்பைக் காலால் துழாவினாள், ஒன்று கிடைத்தது, இன்னொன்று எங்கோ போய்விட்டது. ஒன்று என்று போடலாம். நியாயமாகப் பார்த்தால் அதுதான் விதி, குருட்டாம்போக்கு. அந்த இடம் ஒரு மயிரிழை அகலம், இன்றைக்கு முழுக்க ஓடவிட்டாலும் அதில் போய் விழாது, பச்சை வரும், யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. பூங்கோதை வழக்கப்படி சோதித்தாள், அவ்வளவுதான். வழக்கப்படி! அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்த பிறகு ஏது குருட்டாம்போக்கு. கண்ணை மூடிக்கொள்வதும் குருடாக இருப்பதும் ஒன்றா. ஆறாம் வகுப்பில் கணக்கு சார் வெளியே போகும்போது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி வை என்று சாக்பீஸை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். தோழி பர்வீன் பேசினாள், இவள் எழுதினாள், பர்வீன் கண்ணைக் கசக்கினாள், இவள் அழித்தாள், சார் வந்தார், பலகையில் வெள்ளையாகத் தேய்ந்து கிடந்த பெயரைத் தலையைச் சாய்த்துப் படித்தார், இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. அதற்கப்புறம் பர்வீன் இவளோடு பேசவே இல்லை. எழுதியதற்காகவா அழித்ததற்காகவா என்று இன்றைக்குவரை தெரியாது.

அப்பா படுத்திருந்த வார்டில் இதே போல ஒரு பெட்டி இருந்தது. வேறு கம்பெனிப் பெட்டி, ஆனால் இதே பச்சை எண். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், இவள் மட்டும் ஸ்டூலில். அப்பா ஏதோ முனகினார், தண்ணீர் என்றாரோ, தாங்கலை என்றாரோ. இவள் அப்பாவைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தாள். எண் அப்படியே இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போகிறது அப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்து. படித்த பெண் அல்லவா, எண் என்றால் நம்பிக்கை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பா பிழைத்துவிட்டார், இன்றைக்கும் பீளமேட்டு வீட்டில் காலையில் நடந்துவிட்டு வந்து செய்தித்தாளோடு சண்டை போடுகிறார். ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அந்த எண் எரிந்துகொண்டேயிருக்க, உள்ளே தள்ளுவது நின்றுபோயிருந்தால் இவள் அப்போதும் அதையேதான் சொல்லியிருப்பாள். பொறுத்துக்கோங்க அப்பா. யாரோ ஒருத்தி எங்கோ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதைச் சொல்லப்போகிறாள். சிகாமணி அண்ணனுக்கு வேலை போனால் அவருக்கு மனைவி இருக்கிறாள், தோப்பு கொஞ்சம் இருக்கிறது, எப்படியாவது பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தாள். நினைத்த உடனே, அடுத்தவன் வயிற்றில் அடிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் அவனுக்குத் தோப்பு இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள் என்று வெட்கமாக வந்தது.

அவள் போட்டாள். யோசித்து முடித்துவிட்டுப் போடவில்லை, யோசனை நடந்துகொண்டிருக்கும்போதே விரல்கள் போட்டுவிட்டன. யார் கேட்டால் என்ற இடத்தில் சிகாமணியின் அந்த ஒரு பகுதியின் முகவரி எல்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. நூற்றுக்கு எத்தனை தடவை என்ற இடத்தில் நூறு. மற்ற யார் கேட்டாலும் கொடு, இவர் கேட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல். குருட்டாம்போக்கு போயிற்று, இது குறிபார்த்து அடிப்பது. பம்பின் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கிற நிரலை ஓடவிட்டாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மூடவில்லை. எண் மாறியது. மோட்டார் சன்னமாக முனகியபடி தள்ளிக்கொண்டே இருந்தது. மறுபடி மாறியது. தள்ளியது. வரிகள் திரையில் ஓடின, ஓடி முடிந்தன, கடைசியில் பச்சை. தளத்தின் நடுவில் தொங்குகிற பெரிய டிவியிலும் பம்பின் கட்டம் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறியது. பூங்கோதை நாற்காலியில் சாய்ந்தாள். தாங்கிவிட்டது. அடித்த இடத்தில் அடித்தும் தாங்கிவிட்டது. அண்ணன்தான் பயந்து எதையோ உளறியிருக்கிறார், எங்கோ வேறு வரியில் பூட்டைத் திறந்து வைத்திருக்கிறார், அவருக்கே மறந்துவிட்டது. அவள் துரோகமும் செய்தாள், யாருக்கும் கேடும் வரவில்லை. இப்படிக் கூட ஒரு அதிர்ஷ்டம் உண்டா. தொலைந்த செருப்பு காலில் தட்டுப்பட்டது. ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றியது.

டீக்கு எழப்போனவள் மறுபடி உட்கார்ந்தாள். எத்தனை முறை இல்லை என்று சொன்னாய் என்று கெர்னலைக் கேட்கலாம், கேட்டால் சொல்லும், அதைக் கேட்காமல் எழுந்து போகிறவள் அவள் இல்லை. கேட்டாள். ஒருமுறைகூட இல்லை. சொல்லவே இல்லை. டிரைவர் கேட்டபோதெல்லாம் இடம் கொடுத்திருக்கிறது. அப்போதுதான் தெரிந்தது, தெரிந்தது என்று சொல்வதுகூடப் பாதிப் பொய். கேட்பதில் இரண்டு ஜாதி உண்டு. நிற்க நேரமில்லை, இப்போதே கொடு என்று கேட்பது ஒன்று. இல்லாவிட்டால் பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று கேட்பது இன்னொன்று. காத்திருக்க முடிந்தவர்களைத் தொந்தரவு செய்யாதே, விட்டுவிடு என்று ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. அது எப்போதும் தானாகவே ‘ஒய்’ என்றுதான் இருக்கும், அதாவது யெஸ், விட்டுவிடு. அதை ‘என்’ என்று, அதாவது நோ என்று மாற்றினால்தான் அவர்களுக்கும் இல்லை என்று சொல்லும். சிகாமணியின் கேட்பு காத்திருக்கிற ஜாதி. பூங்கோதை மாற்றவில்லை. மறந்துவிட்டாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது, முதலில் அந்த ‘ஒய்’யை ‘என்’ ஆக்கு, அப்புறம் மற்றதைப் பார் என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதை மறந்துவிட்டாளாம். யாரிடம் சொல்கிறாய் இதை என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. குறிபார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், படக் கூடாது. அடித்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டும், அண்ணன் வேலையும் இருக்க வேண்டும். விரல்கள்தான் போட்டன என்றாயே, விரல்கள்தான் விட்டுவிட்டனவா. இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டேன், ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, அதனால் மறந்துவிட்டேன் என்று அவள் தனக்குள் கெஞ்சினாள். அது நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியவே போவதில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

“ஏனுங்க கோதை” என்று குரல். சிகாமணி நின்றார். பெரிய டிவியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வழக்கமா ஓட்டுனீங்களா, இல்ல...” என்றார். இதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வழக்கம்போலத்தான் என்று சொல்லியிருக்கலாம். “அந்த எடத்துலதான் அடிச்சேங்ணா” என்றாள். அது பொய்யில்லை, அதனாலேயே வாய்க்குச் சுலபமாக வந்தது. “அங்கயேவா?” “அங்கயேதான்.” “தாங்கிருச்சுங்களா?” பச்சையைக் காட்டுவதற்கு விரல் நீண்டது, பாதியில் நின்றது, அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். அவர் உடம்பு தளர்ந்ததை அவள் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள், சொன்னதை வைத்தே அடித்தாயா என்று. அவர் கோபப்படவில்லை. “நீங்க அடிப்பீங்கன்னு தெரியுமுங்க. அடிக்கோணும்னுதான் சொன்னேன். எனக்குத் தகிரியம் பத்தல” என்றார். “ஒரு வாரமா சோறு எறங்கலீங்க. எங்கயோ ஒரு கெழவனுக்கோ கொழந்தைக்கோ நின்னு போறாப்புலயே கனவு. அப்ப நான் பாத்துத்தான் எழுதியிருக்கறேன். பாருங்க, எனக்கே நெனப்பில்ல.” சிரித்தார். இது நிஜமான சிரிப்பு. அவள் வாயைத் திறந்தாள். அண்ணா, அது படவே இல்லை, நான் ஒன்றை மாற்ற மறந்துவிட்டேன். இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். “இருங்க, கனகுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன். அவளும் என்னைய மாதிரியே சோறு திங்காமக் கெடக்கறா.”

போன் மறுமுனையில் ஒலித்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் இந்த மனுஷன் முகம் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. சொல்லும் தைரியம் அவளுக்கும் பற்றவில்லை. அவர் மாதிரியேதான் அவளும், அடுத்தவர் செய்யட்டும் என்று பார்க்கிற ஆள். அவர் அவளிடம் தள்ளினார், அவள் கெர்னலிடம் தள்ளப்போகிறாள். திரைப்பக்கம் திரும்பி அந்தச் சின்ன அமைப்பைத் திறந்தாள். ‘ஒய்’யை அழித்து ‘என்’ என்று அடித்தாள். மறுபடி ஓடவிட்டாள். விரல்கள் தாமாகச் செய்ததில்லை இது, ஒவ்வொரு எழுத்தையும் அவளே அடித்தாள். பின்னால் சிகாமணி பேசத் தொடங்கினார். “கனகு, ஆச்சு. ஆமா... தாங்கிருச்சாமா. நாஞ் சொன்னேனே அதே எடத்துல, கோதை அடிச்சே பாத்துட்டாங்க. அட அழுவாதயேன்... சாப்புட்டயா மொதல்ல?” திரையில் வரிகள் ஓடின. முதல் வேக மாற்றத்திலேயே, இல்லை என்று சொன்னதற்கு அடையாளமாகச் சிவப்பாக ஒரு வரி, அதில் சிகாமணி வைத்த பெயரில் அவருடைய பகுதி. அதற்குப் பிறகு வரிகள் இல்லை. மோட்டாரின் முனகல் நின்றிருந்தது. ஊசிக்குழாயைத் தள்ளுகிற இயந்திரக் கை பாதி வழியில் அசையாமல் கிடந்தது. அலாரம் வரவில்லை. பம்பின் முகத்தில் மட்டும் எண் பச்சையாக, அழகாக எரிந்தது. சிகாமணி நாற்காலியோடு பம்பின் பக்கம் திரும்பினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போல அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தார். “இதா, எம் முன்னாலதான் ஓடிட்டு இருக்குது கனகு. நல்லா ஓடிட்டு இருக்குது” என்று எண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“அண்ணா” என்றாள் பூங்கோதை. அவர் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “போனை வெச்சுருங்ணா” என்றாள்.